நான்குக்கு இரண்டு: அம்புக்குறி டயர் மாட்டுவியலில் ஒரு தேற்றம்

காருக்கு டயர் மாட்டுவதை வெறும் கைத்தொழில் என்று அறிஞர் உலகம் இதுவரை ஒதுக்கியே வைத்திருக்கிறது. பக்கவாட்டில் அம்புக்குறி பதித்த டைரக்‌ஷனல் டயர் வந்தபின் அது தர்க்க சாஸ்திரத்தின் கிளை ஆகிவிட்டது என்று நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் இலக்கணம். இவ்வகை டயரில் பட்டன்கள் ஆங்கில 'வி' வடிவில் அணிவகுக்கும். வண்டி முன்னோக்கி உருளும்போது வி-யின் கூர்முனை முதலில் தரையைத் தொட்டால், அடியில் அகப்பட்ட மழைநீர் இரு கைகள் வழியாக வெளியேறும். திருப்பி மாட்டினால் அதே வாய்க்கால் நீரை நடுவுக்கு அழைத்து வரும். டிராக்டரின் பெரிய சக்கரம் சேற்றை ஒதுக்குவதும் இந்த நியாயத்தால்தான். ஆகவே உழவர்க்கு இவ்வியல் புதிதன்று.

இனி தேற்றம். தொழிற்சாலையை விட்டு வரும் டயர் இடங்கையும் அன்று, வலங்கையும் அன்று. நான்கும் ஒரே அச்சு. ரிம்மில் ஏறிய கணத்தில்தான் அதற்குக் கட்சி பிறக்கிறது. அதன்பின் முன்சக்கரம் பின்னுக்குப் போகலாம், பின்சக்கரம் முன்னுக்கு வரலாம். பக்கம் மாற வேண்டுமானால் ரிம்மிலிருந்து கழற்றித் திருப்பியே ஆகவேண்டும். கடைத் தம்பி நான்கு டயரையும் ஒரே முகம் வெளியே தெரிய ஏற்றிவிட்டால், எப்படி மாற்றிப் பூட்டினாலும் இரண்டு நேர், இரண்டு தலைகீழ். கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது. இதன் துணைத்தேற்றம் இன்னும் அழகானது: அந்த வண்டியை ரிவர்ஸில் ஓட்டினால் தவறான இரண்டும் சரியாகி, சரியான இரண்டும் தவறாகும். எத்திசையில் போனாலும் பாதி நியாயம் அதன் பக்கம் உண்டு.

தம்பி ஏன் அப்படி ஏற்றினான் எனின், பெரும்பாலும் வாடிக்கையாளரே காரணம். டயர் தயாரான வாரமும் ஆண்டும் நான்கு இலக்கத்தில் இருக்கும்; '2324' என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம். பல டயர்களில் இது ஒரு பக்கத்தில் மட்டுமே பொறிக்கப்படுகிறது. முறைப்படி மாட்டினால் இரண்டு டயரின் தேதி வெளியே தெரியும், இரண்டின் தேதி வண்டிக்கு அடியில் போய்விடும். பழைய சரக்கைத் தலையில் கட்டிவிடுவார்களோ என்று அஞ்சும் நம்மவர், நான்கு தேதியும் கண்ணில் படவேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறார். தேதி கிடைக்கிறது, திசை போகிறது.

அடுத்தது அம்பு வழக்கு.

"தம்பி, அம்பு டிக்கியக் காட்டுது பாருங்க."

"சார், வண்டிய அரைச் சுத்து தள்ளுங்க, பானட்டக் காட்டும்."

இருவரும் மெய்யே உரைத்தனர். உருளும் பொருளின் மேல் எழுதிய அம்பு உச்சியில் ஒன்றும் அடியில் ஒன்றுமாகப் பேசும். டயரின் உச்சிக்கு வந்த அம்பின் சாட்சியே செல்லும். அது முன்பம்பரை நோக்க வேண்டும்.

'தப்பா மாட்டினாலும் ஓடத்தானே செய்யுது?' என்பது பரபக்கத்தார் கூற்று. காய்ந்த சாலையில் இது பெரும்பாலும் உண்மை. சத்தம் சற்றுக் கூடலாம், தேய்மானம் ஏறுமாறாகலாம். மழையில் செல்லாது; நீரை நடுவுக்கு அழைக்கும் டயருக்கு மிதக்கும் ஆபத்து கூடும். நாசாவின் வால்டர் ஹார்னும் ராபர்ட் டிரெயரும் 1963-இல் வெளியிட்ட கணக்குப்படி, டயரின் வாய்க்கால்கள் கொள்ளாத அளவு நீர் சாலையில் நின்றால், 33 பவுண்டு காற்றுள்ள டயர் மணிக்கு ஏறத்தாழ 95 கிலோமீட்டரில் தரையை விட்டு நீர்மேல் மிதக்கத் தொடங்கும். ஐப்பசி மழையில் வேளச்சேரிக்குள் அந்த வேகம் யாருக்கும் வாய்க்காது என்பது வேறு விஷயம். புறவழிச்சாலையில் வாய்க்கும்.

ஸ்டெப்னியும் அம்பு டயராக இருந்தால், அதுவும் ஏதோ ஒரு பக்கத்துக்கே உரியது. பஞ்சர் எப்போதும் மறுபக்கத்தில்தான் ஆகும் என்பதற்கு நிரூபணம் இல்லை. நம்பிக்கை மட்டும் உண்டு. அப்படி ஆனால் பஞ்சர் ஒட்டும்வரை மழையில் மெதுவாகப் போக.

எஞ்சியது கூலி வழக்கு. தலைகீழான இரண்டையும் கழற்றித் திருப்பி, மறுபடி பாலன்ஸிங் பார்க்கக் கடைக்காரர் தனிக்காசு கேட்டால், தவறு அவருடையது எனின் தரவேண்டியதில்லை. நான்கு தேதியும் வெளியே தெரியவேண்டும் என்று நின்றவர் நீங்கள் எனின், பேரம் பேசாமல் கொடுத்துவிடுங்கள்.