எப்போது அணைகிறது?

முழுக்கச் செத்துப்போன மானிட்டரைச் சரிசெய்வது எளிது. பழுது ஓரிடத்தில் அசையாமல் இருக்கும். மீட்டரை வைத்துத் தேடினால் அகப்பட்டுவிடும். வந்து வந்து போகிற பழுதுதான் ஆளைப் படுத்தும். வீட்டில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கறுத்துப்போகும் திரை, கடை மேசையில் நாள் முழுக்க ஒளிவீசிக்கொண்டு நிற்கும். எடுத்து வந்தவர் சொல்வதை நம்புவதா, கண்ணெதிரே எரிகிற திரையை நம்புவதா என்று மெக்கானிக் தவிப்பார். இந்த இடத்தில்தான் கைத்தொழில் தெரிந்தவரும் பாகம் மாற்றத் தெரிந்தவரும் பிரிகிறார்கள் என்று நினைக்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் மதுரை டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு டி.டி.பி. சென்டரில் வேலை பார்த்தேன். கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக அழைப்பு, கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் எல்லாம் பேஜ்மேக்கரில் அடித்து, ட்ரேசிங் ஷீட்டில் பிரிண்ட் எடுத்து அச்சகத்துக்கு அனுப்புவோம். தை பிறந்தால் மூச்சுவிட நேரமிருக்காது. அப்படியொரு தை மாதத்தில் எங்கள் 14 அங்குல மானிட்டர் திடீர் திடீரென்று கறுக்க ஆரம்பித்தது. சி.பி.யு. பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். திரையில் ஒன்றும் தெரியாவிட்டாலும் கன்ட்ரோலையும் எஸ்ஸையும் சேர்த்து அழுத்துவோம். ஹார்ட் டிஸ்க் கரகரவென்று ஓடி நிற்கும். முகூர்த்த நேரமும் மணமக்கள் பெயரும் பத்திரமாகப் பதிந்துவிட்டன என்பதற்கு அந்தச் சத்தம்தான் சாட்சி.

மானிட்டர் பார்க்க ஒரு டி.வி. மெக்கானிக் அண்ணன் வருவார். வால்வு ரேடியோ காலத்திலிருந்து அந்த வேலையில் இருப்பவர். வந்தவுடன் திருப்புளியை எடுக்கமாட்டார்.

"எப்ப அணையுது தம்பி?"

"அப்பப்ப அணையுதுண்ணே."

"அப்பப்பன்னு ஒரு நேரம் கிடையாது. காலையில போட்ட உடனேயா, சூடான பெறகா? ஃபேன் சுவிட்சப் போடறப்பவா? மேசைய இடிச்சா வருதா? எழுதி வைங்க. நாளன்னைக்கு வாரேன்."

எழுதி வைத்தோம். புரூஃப் தாளின் பின்பக்கத்தில் நேரம், அந்த நேரத்தில் யார் என்ன செய்தார்கள் என்பதெல்லாம். காலையில் ஒரு தொந்தரவும் இல்லை. உச்சி வெயில் ஏறிய பிறகே வருகிறது. இடப்பக்கம் லேசாகத் தட்டினால் படம் திரும்புகிறது. தாளைப் படித்த அண்ணன், கழற்றாமலே சொல்லிவிட்டார்: "ட்ரை சால்டர்."

அந்தக் காலத்துப் பிக்சர் டியூப் மானிட்டரின் உள்ளே இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் ஓடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்ணாடிக் குடுவை அந்த மின்சாரத்தைப் பிடித்துவைத்திருக்கும். முதலில் நீளத் திருப்புளி ஒன்றில் கம்பியைக் கட்டி, மறுமுனையை டியூப்பின் வெளிப்பூச்சைத் தொட்டுக்கொண்டிருக்கும் எர்த் பின்னலில் மாட்டி, ரப்பர் மூடிக்கு அடியில் நுழைத்து 'சட்'டென்று இறக்குவார். ஒரு கை எப்போதும் முதுகுக்குப் பின்னால் இருக்கும். அதற்குப் பிறகுதான் போர்டைத் தொடுவார்.

அவர் சோதித்த விதம் இன்றைக்கும் என்னை வியக்கவைக்கிறது. கடையின் விளக்கை அணைக்கச் சொல்வார். திரை கறுத்த நொடியில் டியூப்பின் கழுத்தைப் பார்ப்பார்: உள்ளே சூடேற்றி இழை ஆரஞ்சு நிறத்தில் எரிகிறதா? கணினி மானிட்டர்களில் பெரும்பாலும் அந்த இழைக்குப் பவர் சப்ளையிலிருந்தே மின்சாரம் வரும். அது எரிந்தால் பவர் சப்ளை உயிரோடு இருக்கிறது. அடுத்து முன்னங்கையைத் திரைக் கண்ணாடிக்கு அருகே கொண்டுபோவார். ரோமம் சிலிர்த்தால் உயர் மின்னழுத்தம் இருக்கிறது, பழுது படம் வரும் பாதையில். சிலிர்க்கவில்லை என்றால், அதை உண்டாக்கும் ஈ.எச்.டி. டிரான்ஸ்ஃபார்மர் பக்கம். கண்ணாலும் தோலாலும் பாதி போர்டை விலக்கிவிடுவார். பிறகு திருப்புளியின் மரப்பிடியால் ஒவ்வோர் இடமாக மெல்லத் தட்டிக்கொண்டே வருவார். சந்தேகப்படும் டிரான்சிஸ்டரின் மேல் ஸ்பிரிட் தொட்ட பஞ்சை வைத்துக் குளிரவைத்துப் பார்ப்பதும் உண்டு. குளிர்ந்தவுடன் படம் வந்தால் குற்றவாளி அதுதான்.

எங்களுடையதில் ஈ.எச்.டி.யின் காலைச் சுற்றி, லென்ஸ் வைத்துப் பார்த்தால் மட்டும் தெரிகிற மெல்லிய வட்ட விரிசல் இருந்தது. கனமான, சூடாகும் பாகம். ஒவ்வொரு நாளும் விரிந்து சுருங்கி, ஈயம் காலை விட்டு விலகிவிடும். ஆறியிருக்கும்போது தொட்டுக்கொண்டிருக்கும், சூடேறினால் பிரியும். பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு, காலைச் சுரண்டிச் சுத்தம் செய்து, புது ஈயம் வைத்தார். அந்த மானிட்டர் அதன் பிறகு அந்தக் கடையில் இரண்டு கம்ப்யூட்டர் மாறியும் ஓடியது.

அந்தக் காலத்துச் சிக்னலும் பழுதை ஒளிக்காது. 1987இல் ஐ.பி.எம். கொண்டுவந்த வி.ஜி.ஏ. இணைப்பில் பதினைந்து ஊசிகள்; சிவப்புக்கும் பச்சைக்கும் நீலத்துக்கும் தனித்தனிக் கம்பி. நீலம் விட்டுப்போனால் வெள்ளைப் பக்கம் மஞ்சளாகும். கேபிள் மோசமானால் எழுத்துக்குப் பக்கத்தில் நிழலெழுத்து தோன்றும். சப்ளை மின்னழுத்தம் குறைந்தால் படம் ஓரங்களில் சுருங்கும். முற்றாகக் கறுப்பதற்கு முன் பல நாள் அது சொல்லிக்கொண்டே இருக்கும்.

நடுவில் வந்த முதல் தலைமுறை எல்.சி.டி.க்களுக்கு வேறு நோய்கள். ஆன் செய்ததும் இரண்டு விநாடி படம் வந்து அணையும். பின்னால் இருக்கும் மெல்லிய குழல் விளக்குகளில் ஒன்று தளர்ந்தாலும் இன்வெர்ட்டர் தன்னைக் காத்துக்கொள்ள எல்லாவற்றையும் நிறுத்திவிடும். கறுத்த திரையின் மேல் டார்ச்சைச் சாய்வாக அடித்தால் மங்கலாகப் படம் தெரியும். படம் இருக்கிறது, வெளிச்சம்தான் இல்லை என்று புரிந்துவிடும். இரண்டாயிரங்களில் விற்ற மானிட்டர்கள் ஏராளமானவற்றில் பவர் போர்டுக் கண்டன்சர்கள் தலை உப்பி நின்றன. மோசமான திரவம் நிரப்பிய கண்டன்சர்கள் உலகம் முழுக்கப் பரவியிருந்த காலம் அது. சென்னை ரிச்சி தெருவில் 105 டிகிரி தாங்கும் கண்டன்சர்களைச் சில ரூபாய்க்கு வாங்கி மாற்றினால் மானிட்டர் பிழைத்தது. அதுவரை கைத்தொழில் உயிரோடுதான் இருந்தது.

போன மாசியில் என் தம்பி மகள் பெங்களூரிலிருந்து பேசினாள். மென்பொருள் வேலை, பாதி நாள் வீட்டிலிருந்து. "பெரியப்பா, என் மானிட்டர் அப்பப்ப கறுப்பாயிடுது. ரெண்டு மூணு செகண்ட்ல தானா வந்துடுது. சர்வீஸ்ல கேட்டேன். மெயின் போர்டு மாத்தணும், பேனலா இருந்தா புதுசே வாங்கிக்கங்கங்கிறாங்க."

"அவங்க வந்து பாத்தாங்களாம்மா?"

"இல்ல, போன்லயே சொன்னாங்க."

திறக்காமலே தீர்ப்பு. டவுன்ஹால் ரோட்டு அண்ணனும் திறக்காமல்தான் சொன்னார்; ஆனால் அவர் கையில் எங்கள் குறிப்புத் தாள் இருந்தது. இவர்கள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவள் சம்பளத்துக்குப் புது மானிட்டர் பெரிய செலவில்லை என்பது வேறு விஷயம். நல்ல பொருள் ஒன்று, அதில் குறையே இல்லாமல், குப்பைக்குப் போக இருந்தது.

இன்றைய இணைப்பு எப்படிப்பட்டது என்று அவளிடம் பொறுமையாகச் சொன்னேன். பழைய வி.ஜி.ஏ. திரையில் விநாடிக்கு இரண்டரைக் கோடிப் புள்ளிகள் போனால் அதிகம். இன்று 4கே திரைக்கு விநாடிக்கு 60 படம் அனுப்ப, எச்.டி.எம்.ஐ. கேபிள் கிட்டத்தட்ட 1,800 கோடி பிட்டுகளைச் சுமக்கிறது. கேபிள் கொஞ்சம் தளர்ந்தாலும் நிழல் விழாது, நிறம் மாறாது. ஓர் எல்லைவரை படம் அப்பழுக்கில்லாமல் இருக்கும். எல்லையில் வெள்ளைப் பொறிகள் சில தெறிக்கலாம். அதைத் தாண்டினால் ஒன்றுமே இல்லை. இடையூறு கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவானது. ஆனால் கம்ப்யூட்டரும் மானிட்டரும் மறுபடி ஒன்றையொன்று அடையாளம் கண்டு, அளவும் வேகமும் பேசி முடித்து, திருட்டுப் பதிவைத் தடுக்கும் பூட்டையும் திறந்துகொள்ள இரண்டு மூன்று விநாடி ஆகும். நாம் பார்க்கும் கறுப்பில் பெரும்பகுதி, பழுது போன பிறகு நடக்கும் இந்தச் சமாதானப் பேச்சு.

"எழுதி வை," என்றேன். "எப்ப வருது, அப்ப நீ என்ன செஞ்ச, மானிட்டர் விளக்கு என்ன நிறத்துல இருந்துச்சு, 'நோ சிக்னல்'னு எழுத்து வந்துச்சா, எல்லாம்."

'நோ சிக்னல்' என்ற அந்த ஒரு வரிக்கு நான் பெரிய மதிப்பு வைத்திருக்கிறேன். அது திரையில் தெரிந்தால் பேனலும் வெளிச்சமும் மானிட்டரின் பவர் சப்ளையும் நன்றாக இருக்கின்றன என்று பொருள். பழுது பெரும்பாலும் அவற்றுக்கு வெளியே. அவளுக்கு அந்த எழுத்து சில தடவை மின்னி மறைந்திருந்தது. போர்டு மாற்றும் பேச்சை அங்கேயே தள்ளிவைத்தோம்.

அடுத்து, அன்று நாங்கள் கையால் எழுதியதை இன்று விண்டோஸ் தானே எழுதிவைக்கிறது. கிராஃபிக்ஸ் டிரைவர் இரண்டு விநாடிக்கு மேல் பதில் சொல்லாமல் நின்றால், அதை நிறுத்தி மறுபடி தொடங்கும் ஏற்பாடு விஸ்டா காலத்திலிருந்து இருக்கிறது. அப்போதும் திரை கறுத்துத் திரும்பும். ஈவென்ட் வியூவரில் 4101 என்ற எண்ணோடு நேரமும் பதிவாகும். இவ்வளவு நேர்மையான குறிப்பேடு ஒவ்வொரு கம்ப்யூட்டருக்குள்ளும் இருக்க, அதைத் திறந்து படிக்கச் சொல்லும் சர்வீஸ்காரரை நான் இன்னும் சந்திக்கவில்லை. அவள் பார்த்தாள். கறுத்த நேரங்களில் அப்படிப் பதிவு எதுவுமில்லை. டிரைவரும் விலகியது.

மிஞ்சியது கேபிளும் சுற்றுப்புறமும். அவள் பட்டியலை வாசிக்கக் கேட்டேன். தண்ணீர் எடுக்கப் போனபோது. காலிங் பெல் அடித்தபோது. டீ போடப் போனபோது. மீட்டிங் முடிந்து எழுந்தபோது.

"நாற்காலி எப்படிப்பட்டதும்மா? லிவரை இழுத்தா ஏறி இறங்குமா?"

"ஆமா பெரியப்பா. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

சம்பந்தம் இருக்கிறது. கேஸ் லிஃப்ட் வைத்த அலுவலக நாற்காலியிலிருந்து ஒருவர் எழும்போதோ உட்காரும்போதோ, அதன் உலோக பாகங்களுக்கு இடையே நிலைமின் பொறிகள் தெறிக்கக்கூடும். அவை ரேடியோ அலையாகப் பரவும். கவசம் சரியில்லாத வீடியோ கேபிள் ஆன்டெனாவாகி அதைப் பிடித்துக்கொள்ளும். திரைகளை இணைக்கும் சில்லுகள் செய்யும் டிஸ்ப்ளேலிங்க் நிறுவனமே தன் வாடிக்கையாளர்களுக்கு இந்த நாற்காலி விஷயத்தை எடுத்துச் சொல்லியிருக்கிறது. ஈரம் குறைந்த காற்றில் நிலைமின்சாரம் எளிதில் சேரும்; பெங்களூரின் மாசிக் காற்று அப்படிப்பட்டது. எங்கள் அண்ணன் ஃபேன் சுவிட்சைப் பற்றிக் கேட்டதும் இப்படிப் பொறி தெறிப்பதை நினைத்துத்தான்.

அவள் கேபிள் மானிட்டரோடு வந்ததல்ல. நீளம் போதவில்லை என்று தனியாக வாங்கியது. மிச்ச நீளத்தைச் சுருட்டி நாற்காலிக்குப் பக்கத்திலேயே தொங்கவிட்டிருந்தாள். முதலில் விநாடிக்கு 60 படத்தை 30 ஆக இறக்கிப் பார்க்கச் சொன்னேன். எழுந்து உட்கார்ந்தாலும் படம் அசையவில்லை. சுமை குறைந்ததும் நின்றதால், குறை கேபிளில்தான் என்பது உறுதியாயிற்று. 'பிரீமியம் ஹை ஸ்பீடு' சான்று ஒட்டிய குட்டைக் கேபிள் ஒன்றை வாங்கி, மேசையின் மறுபக்கமாகக் கொண்டுபோனாள். திரும்ப 60இல் வைத்தாள். இப்போது எழுந்தாலும் உட்கார்ந்தாலும் படம் நிற்கிறது.

எனக்குக் கோபம் சர்வீஸில் போன் எடுத்த பையன் மீது இல்லை. இத்தனை அழைப்பை இத்தனை நிமிடத்தில் முடி என்று அவனை உட்காரவைத்திருப்பார்கள். போர்டின் சர்க்யூட் டயகிராமை அவனுக்கு யாரும் தந்திருக்கமாட்டார்கள். எங்கள் காலத்தில் டி.வி. மாடல்களின் டயகிராம்கள் புத்தகமாகவே கடையில் கிடைத்தன. அண்ணன் வைத்திருந்தது எண்ணெய்க் கறையோடு, ஓரமெல்லாம் பென்சில் குறிப்போடு தடித்திருக்கும். அந்தப் பையனுக்கு ஒரு படிவம் மட்டும் இருக்கிறது. சீரியல் நம்பர், வாரன்டி, உடம்பில் கீறல் உண்டா என்பதற்கெல்லாம் அதில் கட்டம் உண்டு; எப்போது, என்ன செய்யும்போது என்பதற்குக் கட்டமில்லை. அதைச் சேர்க்க எந்த நிறுவனத்துக்கும் செலவாகாது.

தம்பி மகள் இதோடு விடவில்லை. அவள் ஆபீசில் பழைய சாமானுக்கு ஒதுக்கிய மானிட்டர்கள் ஓர் அறையில் அடுக்கிக் கிடக்கின்றனவாம். அனுமதி வாங்கி, நல்ல கேபிளோடு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்திருக்கிறாள். சில உடனே எரிந்தன. ஒன்றில் கண்டன்சர்கள் உப்பியிருந்தன, அதை எஸ்.பி. ரோட்டுக்குத் தூக்கிப்போய் மாற்றி வாங்கியிருக்கிறாள். இன்னும் ஒன்று, ஆன் செய்து இரண்டு விநாடியில் அணைகிறதாம். டார்ச் அடித்துப் பார்த்தாயா என்று கேட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பேசுவதாகச் சொல்லியிருக்கிறாள்.