ஃபேன் நிறுத்தும் சார்

ஆங்கிலத் திறன் தேர்வு நடத்துகிற பள்ளிக்கூடங்களில் ஒரு சார் இருப்பார். ஆண்டில் பதினோரு மாதம் மற்ற சார்களைப் போல வருகைப்பதிவேடும் சாக்பீஸுமாகக் காலம் தள்ளுவார். தேர்வு மாதம் பிறந்து, நிர்வாகம் அவரை ‘ஒருங்கிணைப்பாளர்’ என்று அறிவித்ததும் ஆள் மாறிவிடுவார். கழுத்தில் அட்டை தொங்கும், இடுப்பில் சாவிக்கொத்து குலுங்கும், சட்டைப்பையில் செலோடேப் புடைக்கும், கையில் அளவு டேப் நீளும். எந்த வகுப்புக்குள் நுழைந்தாலும் பிள்ளைகளைப் பார்க்கமாட்டார். அண்ணாந்து கூரையைப் பார்ப்பார். ஃபேன் ‘டக் டக்’ என்றால் நெற்றி சுருங்கும். நிறுத்தச் சொல்லிவிட்டு நிற்பார். அப்புறம் டியூப் லைட் ரீங்கரிப்பது கேட்கும். அதையும் நிறுத்தச் சொல்வார். இருட்டும் புழுக்கமும் சூழ்ந்த அந்த வகுப்பறையில் அவர் முகத்தில் மட்டும் ஒரு நிம்மதி பரவும். பிள்ளைகள் அவருக்கு ‘ஃபேன் சார்’ என்று பெயர் வைப்பதில் ஆச்சரியமில்லை. இவரைக் கேலி செய்வது சுலபம். கேலி செய்து முடித்த பிறகு, நியாயம் இவர் பக்கம்தான் என்று ஒப்புக்கொள்வதுதான் கஷ்டம். தேர்வுக்கு முன்னால் இவர் செய்வதெல்லாம் சரி. தேர்வுக்கு மறுநாள் செய்வதுதான் தப்பு.

இவரை முட்டத்தில் கொண்டுபோய் நிறுத்திப் பார்ப்போம். குமரி மாவட்டக் கடற்கரையில், பாறைகளும் கலங்கரை விளக்கமும் மீன்பிடித் துறைமுகமும் உள்ள ஊர். பாரதிராஜா 1981-இல் ‘அலைகள் ஓய்வதில்லை’ படத்தையும், 1986-இல் ‘கடலோரக் கவிதைகள்’ படத்தையும் எடுக்க இங்கே வந்தார். இரண்டாவது படத்தில் ஒரு டீச்சர், ஊர் முரடனுக்கு எழுத்தறிவிப்பார். அலைச் சத்தத்துக்காகவே ஊரெல்லாம் இந்தக் கரையைத் தேடி வர, அலை ஓய்ந்தால் தேவலாம் என்று நினைக்கிற ஒரே மனிதர் நம் சார்தான். தாளில் ஊரின் ஒலிப்படம் ஒன்று வரைந்து வைத்திருப்பார்: கிழக்கே மீன் ஏலம், மேற்கே தேவாலய மணி, தெற்கே கடல், வடக்கே வளைவில் ஹாரன் அடித்துத் திரும்புகிற பஸ். ஏலக்காரரிடம் ‘ஒரு அரைமணிக்கூறு மெல்ல ஏலம் விடப்பிடாதா அண்ணே?’ என்று கேட்பார். மெல்ல விட்டால் மீன் விலையும் மெல்லத்தான் போகும் என்று பதில் வரும். பங்குத்தந்தையிடம் போய் மணியைப் பத்து நிமிடம் தள்ளி அடிக்க முடியுமா என்று இழுப்பார். ஒலிபெருக்கியைப் பரிசோதிக்கக் கடைசி பெஞ்சில் ஒரு பையனை உட்கார வைத்து, ‘கேக்குதாலே மக்கா?’ என்பார். ‘நல்லா கேக்குது சார், கடலும் கேக்குது’ என்பான் அவன். அன்றிரவு சாருக்குத் தூக்கம் வராது. கச்சான் காற்றுக்கு ஜன்னலை அடைக்கலாம். கடலுக்கு எதை அடைப்பது?

சத்தத்துக்கு அடுத்தது சுவர். தேர்வு அறையின் சுவரில் உதவிக்கு வரக்கூடிய எழுத்து எதுவும் கண்ணில் படக்கூடாது என்பது பொதுவான விதி. பெயர்ச்சொல், வினைச்சொல் சார்ட்டுகள் இறங்கும். பழங்களின் படத்தோடு ஆங்கிலப் பெயர் போட்ட சார்ட்டின் மேல் பழைய செய்தித்தாள் ஏறும். ‘இங்கே ஆங்கிலத்தில் மட்டும் பேசவும்’ என்று ஆங்கிலத்தில் எழுதி ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கும் பலகையும் ஆங்கிலம்தானே? அதையும் மூடுவார். ஆங்கிலத் தேர்வுக்கு ஒரு பள்ளி செய்கிற முதல் ஏற்பாடு, சுவரில் இருக்கிற ஆங்கிலத்தை மறைப்பது. பிறகு டேப்பை எடுத்து மேசைகளை அளப்பார். கேம்பிரிட்ஜின் பன்னாட்டுப் பள்ளித் தேர்வுகள் மாணவருக்கு மாணவர் 1.25 மீட்டர் இடைவெளி கேட்கின்றன. எல்லாருக்கும் தெரிகிற இடத்தில் கடிகாரம் மாட்டுவார். கேம்பிரிட்ஜ் சின்னப் பிள்ளைகளுக்கு நடத்தும் ஸ்டார்ட்டர்ஸ் தேர்வில், காதால் கேட்டபடி படத்துக்கு வண்ணம் தீட்டும் பகுதி ஒன்று உண்டு. ஆகவே பென்சில் டப்பாக்களைத் திறந்து நிறம் எண்ணுவார். பிங்க் பென்சில் ஒன்று குறைந்தால் கடைத்தெருவுக்கு ஆள் ஓடும். கடைசியாக நூலகத்து மூலையில் ஒரு மேசையும் எதிரெதிராக இரண்டு நாற்காலிகளும் போடுவார். பேச்சுத் தேர்வு நடக்கிற இடம் அது. அந்த இரண்டு நாற்காலிகளை மட்டும் வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இன்னொரு வேடிக்கையும் உண்டு: ஸ்டார்ட்டர்ஸ் குழந்தையைத் தேர்வாளரிடம் கூட்டிக்கொண்டு போகிறவர், அதன் தாய்மொழியில் பேசித் தைரியம் சொல்லலாம் என்று அந்தத் தேர்வின் நடைமுறையே இடம் தருகிறது. ஆண்டு முழுதும் தமிழ் பேசினால் முறைக்கிற வளாகத்தில், ஆங்கிலத் தேர்வு நாளன்று தமிழுக்கு மரியாதையான ஒரு வேலை கிடைக்கிறது.

இதெல்லாம் பைத்தியக்காரத்தனம் இல்லையா, ஒரு ஃபேனுக்கும் ஒரு பிங்க் பென்சிலுக்கும் இத்தனை அமளி எதற்கு என்று கேட்கலாம். இல்லை என்பதற்கு வரலாறு சாட்சி. கேம்பிரிட்ஜ் தன் முதல் ஆங்கிலப் புலமைத் தேர்வை 1913-இல் நடத்தியபோது எழுத வந்தவர்கள் மூன்றே பேர். ஏறத்தாழ 12 மணி நேரத் தேர்வு, மூவரும் தேறவில்லை. மூன்று பேர் என்றால் யார் யாரென்று முகம் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். இன்று லட்சக்கணக்கானவர்கள் உலகெங்கும் எழுதுகிறார்கள். முட்டத்தில் எழுதியவரின் மதிப்பெண்ணும் மான்செஸ்டரில் எழுதியவரின் மதிப்பெண்ணும் ஒரே மதிப்பு பெற வேண்டுமானால், இரண்டு அறைகளும் முடிந்தமட்டும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். அப்படி இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை 2014-இல் பிரிட்டன் பார்த்தது. டோயிக் என்ற ஆங்கிலத் தேர்வின் மையம் ஒன்றில் கண்காணிப்பாளரே விடைகளை வாசிப்பதையும், ஒருவருக்குப் பதில் இன்னொருவர் பேச்சுத் தேர்வு கொடுப்பதையும் பிபிசியின் ‘பனோரமா’ நிகழ்ச்சி ரகசியமாகப் படம் பிடித்துக் காட்டியது. தேர்வு நிறுவனம் பழைய ஒலிப்பதிவுகளைத் தோண்டி 33,000-க்கும் மேற்பட்ட தேர்வுகளைச் செல்லாது என்றது. இன்னும் 22,000-க்கும் மேற்பட்டவற்றைச் சந்தேகப் பட்டியலில் வைத்தது. அந்தக் குவியலில் நேர்மையாக எழுதியவர்களும் மாட்டிக்கொண்டு, ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படி ஏறினார்கள். அந்த மையங்களில் நம் ஃபேன் சாரைப் போல ஒருவர் அளவு டேப்போடு அலைந்திருந்தால், பலருக்கு வழக்கறிஞர் செலவு மிஞ்சியிருக்கும்.

அளவு நுட்பமானது என்பதையும் மறக்கக்கூடாது. பிரிட்டனில் செவிலியராகப் பதிய, ஐஈஎல்டிஎஸ் தேர்வில் படித்தல், கேட்டல், பேசுதல் ஒவ்வொன்றிலும் 7 பேண்டும், எழுதுதலில் 6.5-உம் வேண்டும். ஐஈஎல்டிஎஸ்ஸின் கேட்டல் பகுதியில் ஒலிப்பதிவு ஒரே ஒரு தடவைதான் ஓடும். ஒரு எண்ணைச் சொல்லும் நொடியில் தலைக்கு மேல் ஃபேன் கரகரத்தால், கேட்கத் தவறியது திரும்ப வராது. நர்சிங் படித்த பெண்பிள்ளைகளும் வெளிநாட்டு வேலைக் கனவும் நிறைந்த குமரி மாவட்டத்தில், அரை பேண்டு என்பது ஒரு வீட்டின் கடன் அடைவதற்கும் அடையாமல் இருப்பதற்கும் நடுவில் உள்ள தூரம். அந்த அரை பேண்டுக்காக ஒருவர் ஃபேனை நிறுத்தினால், வியர்த்துக்கொண்டே அவருக்கு நன்றி சொல்லலாம்.

இரண்டாவது ஆட்சேபம் பணம் பற்றியது. இதெல்லாம் வியாபாரம், சான்றிதழைக் காட்டிச் சேர்க்கை பிடிக்கிற தந்திரம் என்பார்கள். வியாபாரம்தான், மறுக்க ஒன்றுமில்லை. 2021-இல் பிரிட்டிஷ் கவுன்சிலின் இந்திய ஐஈஎல்டிஎஸ் பிரிவை ஐடிபி நிறுவனம் 13 கோடி பவுண்டுக்கு வாங்கியது. தேர்வு எழுதுவோர் வரிசையைக் கடை விற்பதுபோல விற்க முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஆனால் பள்ளிக்கூடம் செய்கிற கோளாறைத் தேர்வின் தலையில் கட்டக்கூடாது. கேம்பிரிட்ஜின் சின்னப் பிள்ளைகள் தேர்வில் தேர்ச்சி, தோல்வி என்பதே கிடையாது. ஒவ்வொரு திறனுக்கும் ஐந்து கேடயம் வரை கொடுப்பார்கள். எழுதிய எல்லாருக்கும் சான்றிதழ் உண்டு. குழந்தை எங்கே நிற்கிறது என்று மெல்லச் சொல்லத்தான் அந்த ஏற்பாடு. அதை வாங்கிவந்து, பதினைந்து கேடயம் எடுத்த பிள்ளையின் படத்தை மட்டும் வாசலில் ஃபிளெக்ஸ் அடித்து மாட்டி, ஒன்பது எடுத்த பிள்ளையை அந்த ஃபிளெக்ஸுக்குக் கீழே நடந்துபோக வைப்பது நாம்தான். கட்டணம் கட்ட முடிந்த வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் இந்தத் தேர்வு வாய்க்கிறது என்பதும் உண்மையான குறைதான். அந்தக் குறை தீருகிற வழி தேர்வில் இல்லை. நூலக மூலையில் இருக்கிறது. அதற்கு வருவோம்.

மூன்றாவது ஆட்சேபம்தான் வலுவானது. முட்டத்துக்காரர்கள்தான் அதைக் கேட்கத் தகுந்தவர்கள். குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் சீமையோடு கிடந்த மண். இந்தக் கரையின் மீனவர்கள் கேரளத் துறைமுகங்களுக்குத் தொழிலுக்குப் போய்வருகிறார்கள். சரளமாக மலையாளம் பேசுகிறவர்கள் இங்கே ஏராளம். அவர்களுக்கு மலையாளம் கற்றுக்கொடுக்க யார் ஃபேனை நிறுத்தினார்கள்? யார் மேசையை அளந்தார்கள்? என்ஜின் இரைச்சலிலும் ஏலக் கூச்சலிலும் தானாக ஒட்டிய மொழி அது. நியாயமான கேள்விதான். இதற்குப் பதில், கற்பது வேறு, அளப்பது வேறு என்பதுதான். கற்க இரைச்சல் தடையில்லை, சொல்லப்போனால் இரைச்சல் வேண்டும். அளக்கத்தான் அமைதி வேண்டும். தராசின் முள் நேராக நிற்க வேண்டும் என்பதில் மீனவருக்கும் ஃபேன் சாருக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது. ஆனால் எந்த மீனவரும் தராசைத் துடைத்துவிட்டு, மீன் பெருத்துவிட்டது என்று சொல்லமாட்டார். நம் பள்ளிகள் சொல்கின்றன. தேர்வு மையமாகிவிட்டோம், ஆகவே எங்கள் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வந்துவிட்டது என்று துண்டறிக்கை அச்சடிக்கின்றன.

மீன் எங்கே பெருக்கிறது என்பதற்குக் கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். 2011 கணக்கெடுப்பின்படி குமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம். எழுத்துக்கு இங்கே பஞ்சமில்லை, பஞ்சம் பேச்சுக்குத்தான். பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஆங்கிலம் என்பது மூன்று மணி நேரம் எழுதித் தள்ளுகிற தாள்; அதில் வாயைத் திறக்கிற வேலை இல்லை. வகுப்பில் நாற்பது பிள்ளைகள், பீரியடு நாற்பது நிமிடம் என்று வைத்துக்கொண்டால், ஆசிரியர் ஒரு வார்த்தை பேசாமல் இருந்தால்கூடப் பிள்ளைக்கு ஒரு நிமிடம்தான் தேறும். ஆசிரியர் பேசாமல் இருப்பது உலக நடப்பில் இல்லை. ஆனால் பேச்சுத் தேர்வு நாளில் என்ன நடக்கிறது? ஸ்டார்ட்டர்ஸ் குழந்தைக்கு மூன்று முதல் ஐந்து நிமிடம், ஐஈஎல்டிஎஸ் எழுதுகிறவருக்கு 11 முதல் 14 நிமிடம், எதிரே ஒருவர் உட்கார்ந்து அவர் சொல்வதை மட்டும் கேட்கிறார். ‘ஹி கோ’ என்று சொன்னால் ‘ஹி கோஸ்’ என்று தலையில் குட்டுவதில்லை. பக்கத்து பெஞ்சு சிரிப்பதில்லை. பல பிள்ளைகளுக்கு, பெரியவர் ஒருவர் தங்கள் ஆங்கிலத்தைக் குறுக்கிடாமல் கேட்பது அதுவே முதல் தடவையாக இருக்கும். ஒரு பாடத்தின் முதல் பயிற்சியே அதன் தேர்வாக இருப்பது வேறெந்தத் தொழிலிலும் நடக்காது. நீச்சல் தெரியுமா என்று பார்க்கக் குழந்தையை முதல் தடவையாகக் கடலில் இறக்குகிற தகப்பனை முட்டத்தில் காண முடியாது.

இப்போது தேர்வுக்கு மறுநாளைப் பார்க்கலாம். ஃபேன் சார் கழுத்து அட்டையைக் கழற்றி அலமாரியில் வைப்பார். செய்தித்தாள்கள் உரியும், பழங்களும் வினைச்சொற்களும் வெளிச்சத்துக்கு வரும். ஒலிபெருக்கி ஆண்டு விழா வரை மூட்டை கட்டப்படும். வாட்ச்மேன் நூலகத்துக்குப் போய் இரண்டு நாற்காலிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டு வருவார். அங்கேதான் தப்பு நடக்கிறது. ஒரு மாதம் ஊரையே அமைதிப்படுத்தி, குழந்தை பேச ஒரு மூலையை உண்டாக்கிய அதே கை, அந்த மூலையை ஒரே நிமிடத்தில் கலைத்துவிடுகிறது. இருநூறுக்கு மேற்பட்ட பள்ளி வேலைநாட்களில் அந்த ஏற்பாடு ஒரே ஒரு நாள் உயிரோடு இருந்தது. கட்டணம் கட்டாத பிள்ளையும் உட்காரக்கூடிய நாற்காலி அது. ஒரு நாளைக்கு எட்டுப் பிள்ளைகள், ஆளுக்கு ஐந்து நிமிடம் என்று முறை வைத்தால், நாற்பது பேர் கொண்ட வகுப்பு வாரத்துக்கு ஒரு சுற்று வந்துவிடும். கேட்கிறவர் ஆங்கில ஆசிரியராக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. குறுக்கிடாமல் கேட்கத் தெரிந்தவராக இருந்தால் போதும். அலைச் சத்தத்தை மீறி ஒவ்வொரு பிள்ளையின் குரலும் எட்டுகிறதா என்று ஒரு மாதம் கவலைப்பட்ட ஃபேன் சாரைவிட அந்த வேலைக்குத் தகுந்தவர் யார்?

ஆகவே தாளாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். தேர்வு முடிந்ததும் ஃபேனைப் போட்டுவிடுங்கள், பிள்ளைகள் பாவம். மணி நேரத்துக்கு அடிக்கட்டும், ஏலம் சத்தமாகவே நடக்கட்டும். நூலக மூலையில் இருக்கிற அந்த இரண்டு நாற்காலிகளை மட்டும் எடுக்க வேண்டாம்.