கொய்யாவைப் பனியனாகப் பதிவு செய்யக் கோரி

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம்,
புது தில்லி.

பொருள்: கொய்யா, பப்பாளி, இளநீர் ஆகியவற்றைப் பின்னலாடை எனப் பதிவு செய்யக் கோருதல் – தொடர்பாக.

ஐயா,

திருப்பூர் – பல்லடம் ரோட்டில் இருக்கும் அருள்புரத்திலிருந்து எழுதுகிறேன். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. ஐரோப்பாவுக்குப் போகும் பாப்பா சட்டைகளைப் பிரித்துப் பார்த்து மடிப்பதுதான் பிழைப்பு.

அந்தச் சட்டை கப்பல் ஏறுவதற்குள் படும் பாட்டைக் கேளுங்கள். துணியில் ஒரு துண்டு வெட்டி லேபுக்குப் போகும். ஓகோ-டெக்ஸ் என்றொரு தரச்சான்று. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கான துணி என்றால், ஒரு கிலோ துணியிலிருந்து கரைந்து வரும் ஈயம் 0.2 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. காட்மியம் 0.1, குரோமியம் 1. ஸ்னாப் பட்டனில் நிக்கல் பார்ப்பார்கள். குழந்தை காலரைச் சப்பினால் எச்சிலில் சாயம் இறங்குமா என்றுகூட ஒரு டெஸ்ட் உண்டு. ரிப்போர்ட் வராமல் பையர் ஒரு பீஸைத் தொடமாட்டார்.

அந்தச் சட்டைக்குச் சாயம் போட்ட எங்கள் ஊர்க் குழந்தையோ, சாயத்தண்ணீர் பாய்ந்த மண்ணில் விளைந்த கொய்யாவைச் சப்புவதில்லை, கடித்து விழுங்கிவிடுகிறது. சந்தையில் அந்தக் கொய்யாவுக்கு யாரும் ரிப்போர்ட் கேட்டு நான் பார்த்ததில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் புரட்டினேன். அறுவடைக்கு முன் பயிர் உணவாகாதாம். 18-ஆம் பிரிவின் 3-ஆம் உட்பிரிவுப்படி விவசாயிக்கும் அவர் பயிருக்கும் சட்டம் பொருந்தாது. ஏழை விவசாயியை இன்ஸ்பெக்டரிடமிருந்து காப்பாற்ற எழுதியது, நல்ல மனசு. ஆனால் கணக்கைப் பாருங்கள். மரத்தில் தொங்கும் கொய்யா உணவில்லை. பறித்து விவசாயி கையில் வைத்திருந்தாலும் இல்லை. வியாபாரியின் கூடைக்குள் விழுந்ததும் உணவாகிவிடுகிறது. ஆக, சொந்தத் தோட்டத்துப் பழத்தைத் தின்னும் குடும்பம் சட்டப்படி இன்னும் எதையுமே தின்னவில்லை.

கூடைக்கு வந்த பிறகாவது? 2011-இல் நீங்கள் போட்ட விதிகளில் குரோமியத்துக்கு வரம்பு உண்டு: சுத்திகரித்த சர்க்கரைக்கும் ஜெலட்டினுக்கும். சாயத்தண்ணீரில் சர்க்கரை விளைவித்தால் உடனே பிடித்துவிடுவீர்கள். எங்கள் துரதிர்ஷ்டம், கொய்யா விளைகிறது.

எங்கள் மண் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆயக்கட்டுக்குப் பாய 1992-இல் ஒரத்துப்பாளையத்தில் நொய்யலுக்குக் குறுக்கே அணை கட்டினார்கள். சாயக்கழிவு தேங்கியது. கடைசியில் தண்ணீர் தேக்க வேண்டாம் என்று விவசாயிகளே கேட்ட அணை அது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் எழுநூற்றுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதன்பின் உப்புத் தண்ணீரைத் திரும்பச் சாயத்துக்கே எடுத்துக்கொள்ளும் வித்தையைச் செய்துகாட்டியதில் எங்கள் அருள்புரம் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் பெரிய பங்குண்டு. அதை நான் மறைக்கமாட்டேன். 2017-இல் நொய்யலில் நுரை பொங்கியபோது, கோவைக்காரர்கள் குளிக்கும் சோப்புதான் காரணம் என்று அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் கே.சி.கருப்பணன் கண்டுபிடித்துச் சொன்னதும் எங்கள் வரலாற்றில் சேரும்.

பட்டறையை மூடலாம், தண்ணீரைச் சுற்றிவிடலாம். உலோகம் மட்கிப் போகாது. டர்க்காய்ஸ் நீலச் சாயத்தின் மூலக்கூறுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பதே செம்புதான். இத்தனை வருடம் வண்டலோடு இறங்கியது எங்கே போயிருக்கும்? பழத்தில் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. வேரும் கீரையும் இழுக்கிற அளவுக்குப் பழம் இழுக்காது என்கிறார்கள். நல்ல செய்திதான். அதையே எங்கள் தோட்டத்து மண்ணையும் பழத்தையும் பார்த்து, ஒரு காகிதத்தில் அச்சடித்துக் கொடுங்கள் என்கிறேன்.

கொய்யாவை உணவென்று ஒப்புக்கொள்வதில் சிக்கல் இருந்தால் பனியன் என்றே பதிவு செய்துவிடுங்கள். காம்பில் சைஸ் லேபிள் தைத்துத் தருகிறோம், பெண்டாட்டி பிள்ளைகளோடு உட்கார்ந்து. தேறாத பழத்துக்காக விவசாயி மேல் கேஸ் மட்டும் போடாதீர்கள். சாயம் கலக்கியது அவரில்லை. தேறாத சட்டைக்குக் காதர்பேட்டையில் 'எக்ஸ்போர்ட் ரிஜெக்ட்' என்று கடை இருக்கிறது. தேறாத கொய்யாவுக்கு நஷ்டஈடு யார் தருவது, டெஸ்ட் கட்டணம் யார் கட்டுவது என்பதை மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் நீங்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசுங்கள். முடிந்தால் இந்தப் பருவத்துக்குள்.

இப்படிக்கு,
ஒரு செக்கிங்காரன்,
அருள்புரம்.

பி.கு.: மாதிரிக்காக இரண்டு கொய்யா கூரியரில் அனுப்பியிருக்கிறேன். விவசாயி கையை விட்டு வந்துவிட்டதால் அவை இப்போது உணவு. இனி உங்கள் பொறுப்பு.