எட்டு டாலருக்கு ஒரு நீலக் குறி

2009-இல் ட்விட்டர் நீலக் குறியைக் கொண்டுவந்தது ஆள்மாறாட்டத்தைத் தடுக்கத்தான். பேஸ்பால் மேலாளர் டோனி லா ருஸ்ஸா, தன் பெயரில் யாரோ போலிக் கணக்கு நடத்துவதாக வழக்குப் போட்ட பிறகு வந்த ஏற்பாடு அது. 2022 அக்டோபரில் 4,400 கோடி டாலருக்கு நிறுவனத்தை வாங்கிய ஈலோன் மஸ்க், மறுமாதமே அந்தக் குறியை எட்டு டாலர் மாதச் சந்தாவுக்கு விற்பனைக்கு வைத்தார். கடை திறந்த சூட்டோடு, மருந்து நிறுவனமான ஈலை லில்லியின் பெயரில், நீலக் குறி சகிதம், இன்சுலின் இனி இலவசம் என்று அறிவிப்பு வந்தது. அசல் லில்லி மன்னிப்புக் கேட்டுக்கொண்டு விளக்கம் தர வேண்டியதாயிற்று. (அடுத்த மார்ச்சில் அதே நிறுவனம் முக்கியமான இன்சுலின்களின் விலையை 70 சதவீதம் குறைத்தது. போலிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றே வைத்துக்கொள்வோம்.)

பழைய குறி மட்டும் என்ன வாழ்ந்தது, நிறுவனம் பார்த்துப் பிரபலங்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் கொடுத்த சலுகைதானே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் ரேஷன் கார்டு வேண்டியவர்களுக்கே கிடைக்கிறது என்று புகார் வந்தால், கேட்ட பெயரிலெல்லாம் அச்சடித்து விற்பது பரிகாரமாகாது. 2023 ஏப்ரலில் பழைய குறிகளைப் பிடுங்கிவிட்டு, பின்தொடர்வோர் அதிகமுள்ள கணக்குகளுக்குத் தாமாகவே திருப்பி ஒட்டினார்கள். 2020-இல் மறைந்த நடிகர் சாட்விக் போஸ்மன், சந்தா கட்டித் தொலைபேசி எண்ணையும் சரிபார்த்துவிட்டார் என்றது அவர் பக்கம். எழுத்தாளர் ஸ்டீபன் கிங் உயிரோடிருந்ததால், நான் கட்டவே இல்லை என்று மறுக்கவாவது முடிந்தது.