அடுப்பு பிரிந்தால் குடும்பம் பிரியுமா?

கேள்வி: மாடியில் அண்ணன் குடும்பம், கீழே நாங்கள். சமையல் தனித்தனி. எங்களுடையது கூட்டுக்குடும்பமா, தனிக்குடும்பமா?

பதில்: மக்கள்தொகைக் கணக்கெடுப்பவர் வந்தால் உங்களை இரண்டாக எழுதிக்கொண்டு போவார். சேர்ந்து வாழ்ந்து ஒரே சமையலில் சாப்பிடுகிறவர்கள்தான் அவருக்கு ஒரு குடித்தனம். ரேஷன் கார்டுக்கும் தனிச் சமையல்தான் கணக்கு. மாடியில் இருக்கும் சிலிண்டரே சாட்சி சொல்லிவிடும்.

குடும்பம் வேறு கணக்கு. குஜராத்தில் மகுவா என்ற ஊரை ஆராய்ந்த சமூகவியலாளர் ஐ.பி. தேசாய், அடுப்போடு நிற்காமல் சொத்து, வருமானம், கடமை எல்லாவற்றையும் பார்த்தார். தனித்தனி வீடுகளில் இருந்த பலரும் அந்த வகையில் கூட்டாகவே வாழ்ந்தார்கள். இன்னொரு சமூகவியலாளர் ஏ.எம். ஷாவும் குடித்தனத்தையும் குடும்பத்தையும் போட்டுக் குழப்பாதீர்கள் என்றார். கூட்டுக்குடும்பம் செத்துவிட்டது என்று மேடையில் அழுகிறவர்கள், எதை எண்ணிப் பார்த்தார்கள் என்று முதலில் சொல்லட்டும்.

நான் உங்கள் வீட்டுக்கு வந்தால் அடுப்பை எண்ண மாட்டேன். அம்மாவின் மருந்துச் செலவு யார் கையிலிருந்து போகிறது? பத்திரம் யார் பெயரில்? அண்ணன் மகள் கல்யாணத்துக்கு உங்கள் மனைவியின் வளையல் அடகுக்குப் போகுமா? போனால், அவரைக் கேட்டா, கேட்காமலா? இந்தக் கடைசிக் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டாம், அவர் சொல்லட்டும்.