பாலை விட்டால் பாலையா?

சைவத்துக்கும் நனிசைவத்துக்கும் என்ன வித்தியாசம்? (வாசகர், திண்டுக்கல்)

ஒரு டம்ளர் மோர்! 1944இல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் நண்பர்களும் 'வெஜிடேரியன்' என்ற சொல்லின் தலையையும் வாலையும் வைத்துக்கொண்டு நடுவை எடுத்துவிட்டார்கள். 'வீகன்' பிறந்தது; தமிழில் அதுதான் நனிசைவம்.

பாலை விட்டால் வாழ்க்கை பாலையாகிவிடாதா? (வாசகி, தஞ்சாவூர்)

ஆப்பத்துக்கு ஊற்றும் தேங்காய்ப் பாலும் பால்தானே?

பால் குடிக்காவிட்டால் எலும்புக்கு யார் பொறுப்பு? (வாசகர், கரூர்)

வளர்ந்த யானை யாரிடம் பால் வாங்குகிறது? 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. அதே அளவு பசும்பாலில் சுமார் 120தான். அதில் எவ்வளவு உடம்பில் சேரும் என்பது வேறு கணக்கு. எனவே எள், கீரையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் பி12 விஷயத்தில் பிடிவாதம் வேண்டாம். செடிகொடிகளை நம்பி அதைப் பெற முடியாது. முதல் வருடம் அந்த மாத்திரையை நான் தள்ளிப்போட்டேன். கால் விரல்கள் மரத்துப்போன பிறகுதான் ரத்தப் பரிசோதனைக்குப் போனேன். நீங்கள் முதல் வாரமே மருத்துவரைக் கேளுங்கள்.

எதை விடுவது மிகக் கஷ்டமாக இருந்தது? (வாசகி, நாகர்கோவில்)

கறியோ மீனோ இல்லை, அம்மா பிசைந்து தரும் தயிர்ச்சோறு. வேண்டாம் என்றதும் அம்மாவின் கை அப்படியே நின்றது. அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. மூன்றாவது வாரம் அடுப்படியில் ஒரு கிண்ணம் மூடியிருந்தது. வேர்க்கடலைப் பால், அதில் நாலு மிளகாய்க் காம்பு. காலையில் கெட்டியாக உறைந்திருந்தது.