பெரியவரு தின்ன கருவாடு

வா மருமவனே, உக்காரு. பலதுறை மருந்தகத்துல பிரஷர் 152 காட்டுச்சாமே? காட்டட்டும் போ. மீ சியாமோட அருமை மிஷினுக்கு என்ன தெரியும்?

நீ சொன்ன நியாயத்தை ராத்திரியெல்லாம் யோசிச்சேன். ஒம்பதாம் மாடிப் பெரியவரு தினம் கருவாடும் ஊறுகாயுமா வெளுத்துக் கட்டுறாரு, எம்பது வயசுல பிரஷர் 120தான், ஆகவே உப்பு மேல குத்தமே இல்ல, டாக்டருங்கதான் ஊரை ஏய்க்கிறாங்க. என்ன மூளைடா உனக்கு! அதே பெரியவரு விடியக்காலம் எந்திரிச்சுத் தோ பாயோவையே சுத்தி வர்றாரே, அதைப் பாத்து நீ கத்துக்கிட்டியா? கருவாட்டை மட்டும் கத்துக்கிட்ட.

ஆனா உன்னை முழுசாக் கேலி பண்ணவும் முடியல. நீ சொல்றதுல பாதி நெசம், அதான் வம்பு.

உப்பு எல்லாரையும் ஒரே மாதிரி ஏத்தாது. தின்ன உப்பு ரத்தத்துல தண்ணியப் பிடிச்சு வைக்கும். அதை வெளிய அனுப்புறது சிறுநீரகத்து வேலை. உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி பாத்திருக்கியே? சில நாளு வண்டி சரசரன்னு போவும். சில நாளு பின்னால கூட்டம் நெருக்கினாத்தான் வரிசையே நகரும். சில பேரு சிறுநீரகமும் அப்படித்தான், பிரஷர் ஏறி நெருக்கினாத்தான் உப்பை வெளிய விடும். பெரியவருக்கு வரிசை நிக்கிறதே இல்ல. உனக்கு? அதத்தான கேக்குறேன்.

அமெரிக்காவுல இந்தியானாபொலிஸ்ல மைரன் வைன்பெர்கர்னு ஒரு டாக்டரு, 1986ல இதைச் சோதிச்சு எழுதினாரு. நாலு மணி நேரத்துல ரெண்டு லிட்டர் உப்புத்தண்ணிய நரம்புல ஏத்தினாங்க. மறுநாளு உப்பில்லாச் சாப்பாடு, கூடவே உப்பை நீரோட இறக்குற மருந்து. ரெண்டுக்கும் நடுவுல பிரஷர் எவ்வளவு இறங்குதுன்னு பாத்தாங்க. பிரஷர் உள்ளவங்கள்ல 51 சதவீதம் பேருக்கு, உப்புக்கு ஏத்த மாதிரி பிரஷர் ஆடுற உடம்பு. பிரஷரே இல்லாதவங்கள்லயும் 26 சதவீதம் தேறுச்சு. விசிலடிக்காத, இன்னும் இருக்கு. பல வருசம் கழிச்சு அதே ஆளுங்களத் தேடிப் பாத்து 2001ல எழுதினாங்க. அன்னைக்குப் பிரஷர் சரியா இருந்தும் உப்புக்கு ஆடினவங்க இருக்காங்களே, அவங்க சாவுக் கணக்கு பிரஷர்க்காரங்க கணக்கோட போய் ஒட்டிக்கிச்சு.

வயசு ஏறினா, சர்க்கரை வந்தா, தொப்பை போட்டா, சிறுநீரகம் தளர்ந்தா இந்த ஆட்டம் கூடும். உன் தொப்பையப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல. அது முன்னால வந்து தானே சொல்லிக்குது.

நம்ம சிங்கப்பூரு நாக்கும் லேசுப்பட்டதில்ல. 2022ல சுகாதார மேம்பாட்டு வாரியம் கணக்கெடுத்தா, ஆளுக்கு ஒரு நாளைக்கு 3,620 மில்லிகிராம் சோடியம். உலகச் சுகாதார நிறுவனம் விடுறது 2,000க்குள்ள, அதாவது ஒரு தேக்கரண்டி உப்பு. நாம ரெண்டு கரண்டிய எட்டிப் பிடிக்கிறோம். அப்புறம் மூணுல ஒருத்தனுக்கு மேல பிரஷர்னா ஆச்சரியப்படுறோம். 2027 நடுவுல உப்பு, சாஸ், உடனடி மீ பாக்கெட்டுகள்ல தரம் காட்டுற நியூட்ரி-கிரேட் எழுத்து வரப்போவுதாம். தேக்காவுல நிறுத்து வாங்குற கருவாட்டுல எழுத்து இருக்காது, நீ சந்தோசமா இரு.

உப்புக்கு ஆடுற உடம்பான்னு சொல்ல மருந்தகத்துல ரத்தப் பரிசோதனை கிடையாது. அதனால ஒரு பிரஷர் மிஷின் வாங்கு. போன மாசம் வாங்குன போனுக்கு முன்னால அது விலையே இல்ல. டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு, மாத்திரைய மாத்தாம, ரெண்டு மூணு வாரம் உப்பைக் குறைச்சுப் பாரு. காலையில சாயங்காலம் அஞ்சு நிமிசம் வாயை மூடிக்கிட்டு உக்காந்து அளக்கணும். உனக்கு வாயை மூடுறதுதான் கஷ்டம். எண்ணு இறங்குச்சுன்னா உன் உடம்பே பதில் சொல்லிரும். இறங்கலன்னாலும் கருவாட்டுக்கு ஓடாத. நீ குறைச்சிட்டதா நினைச்ச உப்புல பாதி கிச்சாப்புலயும் பெலாச்சான்லயும் ஒளிஞ்சிருக்கும்.

கடையில சோடியம் குறைச்ச உப்பு விக்கிறான், கொஞ்சம் சோடியத்துக்குப் பதிலா பொட்டாசியம் கலந்திருப்பான். சீனாவுல 600 கிராமத்துல சோதிச்சு 2021ல சொன்னாங்க, அந்த மாதிரி உப்புக்கு மாறினவங்களுக்குப் பக்கவாதம் 14 சதவீதம் குறைஞ்சுதாம். உடனே வண்டியெடுக்காத. சிறுநீரகம் மோசமா இருந்தாலோ, சில வகை பிரஷர் மாத்திரை தின்னாலோ, ரத்தத்துல பொட்டாசியம் ஏறி நெஞ்சுத் துடிப்பையே குழப்பிரும். கேட்டுட்டு வாங்கு. குறைச்ச உப்புதானேன்னு ரெண்டு மடங்கு அள்ளிப் போடுற ஆளும் நம்ம குடும்பத்துல உண்டு, பேரு சொல்ல மாட்டேன்.

சரி எந்திரி, லோரோங் 8 கடைக்குப் போவோம். நீ மீ வாங்கு, தின்னுட்டுச் சூப்பை அப்படியே வச்சிரு. அதை நான் பாத்துக்கிறேன். என் பிரஷர் எவ்வளவுன்னா? மாமனைக் கேள்வி கேக்குற வயசாடா உனக்கு? காசு எடு.